காயிதே மில்லத்: மேடைப் பேச்சும் மெய்யான வரலாறும்

 



நமது ஜமாஅத் கமிட்டியின் சார்பில் உயர்நிலைப் பள்ளி மாணவ மாணவியர்க்கு ஆண்டுதோறும் நடத்தப்பெறும் பேச்சுப் போட்டிக்கு, சென்ற ஆண்டு 'கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத்' என்னும் தலைப்பு வழங்கப்பட்டிருந்ததை அறிவீர்கள். நடுவர் மூவரில் ஒருவனாக அமரும் பொறுப்பு அடியேனுக்கு அளிக்கப்பட்டது. அன்று நிகழ்ந்த ஒரு பிழையையும், அதைத் திருத்தப் புகுந்தபோது நான் கற்றுக்கொண்ட வரலாற்றையும் இம்மலரில் பதிவு செய்வது என்மீது கடமை எனக் கருதுகிறேன். பிழை மாணவருடையதன்று, என்னுடையது.

பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் அன்று மிக அழகாகப் பேசினார். அரசியல் நிர்ணய சபையில் காயிதே மில்லத் அவர்கள் சிங்கமென எழுந்து நின்றார்கள் என்றும், ஷரீஅத் சட்டத்தைக் காக்கத் திருத்தம் கொண்டு வந்தார்கள் என்றும், அவர்களின் வாதத்திற்கு முன் சபையே பணிந்து அத்திருத்தத்தை ஏற்றது என்றும் அவர் முழங்கியபோது மதரஸா மண்டபம் கரவொலியால் அதிர்ந்தது. அடுத்து வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவியோ, தாழ்ந்த குரலில், அதே திருத்தம் சபையில் தோற்றுப்போனது என்றார். தோற்ற பின்னரும் காயிதே மில்லத் அவர்கள் அந்தச் சட்டத்தின் கீழேயே நின்று இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்ததே அவர்களின் பெருமை என்றும் கூறினார். மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, கரவொலி எழவில்லை. 'கருத்து' என்னும் கட்டத்தில் நான் அப்பெண்ணுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தேன். முதற்பரிசு மாணவருக்குச் சென்றது. அந்த மாணவிக்கு ஆறுதல் பரிசு கிட்டியது.

மஃரிபுக்குப் பின் அப்பெண் தம் தந்தையுடன் வந்தார். "ஹஜ்ரத், நான் சொன்னதில் எது தவறு என்று சொன்னால் திருத்திக் கொள்வேன்" என்று மிகப் பணிவாகக் கேட்டு, அரசியல் நிர்ணய சபை நடவடிக்கைக் குறிப்பின் சில பக்கங்களை என் கையில் கொடுத்தார். ஆங்கிலம் அறிந்த நம் கமிட்டி உறுப்பினர் ஒருவரை அழைத்து வாசிக்கச் செய்தேன். பெண் சொன்னதே சரி. மறுநாள் அந்த மாணவரை அழைத்து, "இந்தச் செய்தி உனக்கு எங்கே கிடைத்தது தம்பி?" என்று கேட்டேன். அவர் தயங்கியபடி, "நீங்கள்தான் ஹஜ்ரத், ஜும்ஆ பயானில் சொன்னீர்கள்" என்றார்.

ஆம், நான்தான் சொன்னேன். மதரஸாவில் ஓதிய காலத்தில் ஏதோ ஒரு மேடையில் கேட்டதை, ஆராயாமல் மிம்பரிலிருந்து எடுத்துரைத்திருந்தேன். ஆகவே, நடந்தது என்ன என்பதை முறையாகக் கூறுவோம்.

காயிதே மில்லத் எம். முஹம்மது இஸ்மாயீல் ஸாஹிப் அவர்கள் 1896 ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் கல்லூரிப் படிப்பைத் துறந்தார்கள். பின்னர்த் தோல் வணிகத்தில் ஈடுபட்டு, முஸ்லிம் லீகின் சென்னை மாகாணத் தலைவராக உயர்ந்தார்கள். 1946 முதல் 1952 வரை சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக விளங்கினார்கள். நாடு பிரிவினையுற்ற பின், இந்தியாவில் எஞ்சிய முஸ்லிம்கள் திகைத்து நின்ற வேளையில், 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னையில், இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் கட்டடத்தில் லீகின் உறுப்பினர்கள் கூடினர். இயக்கத்தைக் கலைத்துவிடுவதா, தொடர்வதா என்பதே அன்றைய கேள்வி. தொடர்வதென முடிவாகி, இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் தலைமை அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கல்லெறிகள் வரும் என்று தெரிந்தே ஏற்ற பொறுப்பு அது.

அதே ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியல் சாசனத்தின் 35ஆம் பிரிவு விவாதத்திற்கு வந்தது. நாடு முழுமைக்கும் ஒரே சிவில் சட்டம் காண அரசு முயல வேண்டும் என்பது அப்பிரிவின் சாரம். இன்றைய சாசனத்தில் அது 44ஆம் பிரிவாக உள்ளது. அன்று முதலில் எழுந்து திருத்தம் கொடுத்தவர் நம் காயிதே மில்லத் அவர்களே. தனக்கெனத் தனியார் சட்டம் உடைய எந்தச் சமூகமும் அதைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்னும் விதியைச் சேர்க்குமாறு அவர்கள் கோரினார்கள்.

அவர்களின் வாதத்தில் கூச்சலில்லை. தனியார் சட்டம் ஒரு மக்களின் சமயத்தோடும் பண்பாட்டோடும் வாழ்க்கை முறையோடும் பிணைந்தது என்றார்கள். முஸ்லிம்களுக்கு மட்டுமல்லாது, எல்லாச் சமூகத்தாருக்கும் பொருந்துமாறே தம் திருத்தத்தை அமைத்திருந்தார்கள். முன்னுதாரணமாக, செர்பியர், குரோஷியர், ஸ்லோவீனியர் இணைந்த யூகோஸ்லாவிய அரசு உடன்படிக்கையின்படி முஸ்லிம்களுக்கு அளித்திருந்த உறுதியை எடுத்துக்காட்டினார்கள். திருநெல்வேலியில் பிறந்த தோல் வணிகர் ஒருவர், ஐரோப்பிய நாடொன்றின் உடன்படிக்கையைத் தேடிப் படித்துவிட்டுச் சபைக்குச் சென்றிருந்தார் என்பதை நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். சிங்கம் போல் கர்ஜிப்பதைவிட இதற்கு உழைப்பு அதிகம்.

நஸீருத்தீன் அஹ்மத், மஹ்பூப் அலீ பேக், பி. போக்கர் ஸாஹிப் ஆகியோரும் அதே கருத்தில் திருத்தங்களை முன்வைத்தனர். கே.எம். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரும் எதிர்த்துப் பேசினர். இறுதியாக டாக்டர் அம்பேத்கர் எழுந்து, முஸ்லிம்கள் எல்லா இடத்திலும் ஷரீஅத் சட்டத்தையே பின்பற்றி வந்தனர் என்பது சரியன்று என வாதிட்டார். வட மலபாரில் முஸ்லிம்களிடமும் மருமக்கத்தாயம் வழக்கிலிருந்ததைச் சுட்டினார். கூடவே, இப்பிரிவு எவர்மீதும் சட்டத்தை உடனே சுமத்துவதன்று என்றும், விரும்பி ஏற்போருக்கு மட்டும் பொருந்துமாறு நாடாளுமன்றம் முதலில் சட்டம் செய்யவும் கூடும் என்றும் ஓர் ஆறுதலைக் கூறினார். பின்னர்த் திருத்தங்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டன, தோற்றன. 35ஆம் பிரிவு ஏற்கப்பட்டது.

அத்தோடு முடியவில்லை. 1949 மே மாதம், சிறுபான்மையினருக்குத் தனித்தொகுதி வேண்டும் என்று வாதிட்டபோதும் அவர்களின் கோரிக்கை தோற்றது. சர்தார் பட்டேல் கடுமையாக மறுத்துரைத்தார். பேகம் ஐஸாஸ் ரஸூல் உள்ளிட்ட முஸ்லிம் உறுப்பினர்கள் சிலரும் மாற்றுக் கருத்துக் கொண்டிருந்தனர். எண்ணிக்கையில் மிகச் சிறியதோர் அணியின் தலைவராக, வெல்ல முடியாது என்று தெரிந்தும், சமுதாயத்தின் சொல் நாட்டின் ஏட்டில் பதிவாக வேண்டும் என்பதற்காகவே அவர்கள் எழுந்து நின்றார்கள் என்று நான் கருதுகிறேன்.

தமிழைப் பற்றி அவர்கள் பேசியதும் இவ்வாறே மேடைகளில் உருமாறிவிட்டது. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் நடந்தபோது, பழைமையே அளவுகோலாயின் தமிழ் முதலான திராவிட மொழிகளே மூத்தவை என்று அவர்கள் எடுத்துரைத்தார்கள். அந்த 'ஆயின்' என்னும் சொல்லில்தான் அவர்களின் தர்க்கம் இருக்கிறது. எதிர்த்தரப்பின் அளவுகோலையே எடுத்து, அதைக் கொண்டே எதிர்த்தரப்பை அளந்து காட்டினார்கள். நம் பேச்சாளர்கள் பலர் அந்த 'ஆயின்' என்பதை உதிர்த்துவிட்டு மீதியை மட்டும் முழங்குகின்றனர். அறிவார்ந்த வாதம் வெறும் முழக்கமாகிவிடுகிறது.

இனி, அந்த மாணவி சொன்ன இரண்டாம் பகுதிக்கு வருவோம். 1950 ஜனவரி 26 முதல் சாசனம் நடைமுறைக்கு வந்தது. தம் திருத்தங்களை மறுத்த அதே சாசனத்தின் கீழ் காயிதே மில்லத் அவர்கள் 1952 முதல் 1958 வரை மாநிலங்களவை உறுப்பினராகப் பணியாற்றினார்கள். பின்னர்க் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியிலிருந்து 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கோபித்து ஒதுங்கவில்லை, நாட்டைப் பழிக்கவில்லை, தம் கருத்தைக் கைவிடவும் இல்லை. 1972 ஏப்ரல் 5ஆம் நாள் வஃபாத்தாகி, சென்னைத் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பெற்றார்கள்.

தோல்வியைச் சொன்னால் தலைவரின் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சியே நாம் அதை மறைக்கிறோம். சகோதரர்களே! ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹதுப் போரில் முஸ்லிம்களுக்கு நேர்ந்த பின்னடைவைத் திருமறை மறைக்கவில்லை. ஆலு இம்ரான் அத்தியாயத்தில் அதன் காரணங்களையும் படிப்பினைகளையும் எடுத்துரைக்கிறது. உத்தம ஸஹாபாக்களின் வரலாற்றிலேயே மறைக்கப்படாத ஒன்றை, ஒரு தலைவரின் வரலாற்றில் நாம் ஏன் மறைக்க வேண்டும்?

மறைப்பதால் கேடும் உண்டு. 1948லேயே வென்றாகிவிட்டது என்று நம்பி வளரும் பிள்ளைக்கு, 44ஆம் பிரிவு இன்றும் சாசனத்தில் இருப்பதன் பொருள் விளங்காது. 2024ல் உத்தராகண்ட் மாநிலம் பொது சிவில் சட்டம் இயற்றியபோது, இஃது எங்கிருந்து வந்தது என்று திகைத்தவர்கள் நம்மில் பலர். உண்மையான வரலாற்றை அறிந்தவன் திகைக்கமாட்டான். எந்த வாதம் முன்பு வைக்கப்பட்டது, அதற்கு என்ன மறுமொழி தரப்பட்டது, அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்று தேடுவான்.

இதில் ஆலிம்களாகிய எங்களுக்கு வெட்கம் அதிகம். ஒரு செய்தியை ஏற்குமுன் யார் சொன்னார், யாரிடம் கேட்டார் என்று அறிவிப்பாளர் தொடரை ஆராயும் கலையை உலகிற்குத் தந்த சமுதாயம் நாம். கூட்டத்தை உருக்குவதற்காகக் கதை புனைந்தவர்களைக் கண்டித்து இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் தனி நூலே எழுதினார்கள். அவர்கள் ஹிஜ்ரி 597ல் மறைந்தார்கள். அந்நூலின் பெயரைப் பாடமாக ஓதியவன் நான். ஆயினும் ஸனது இல்லாத ஒரு செய்தியை மிம்பரில் ஏற்றிவிட்டேன். காதில் விழுந்ததையெல்லாம் ஆராயாது பரப்புவதை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருப்பது, தலைவர்களின் வரலாற்றைப் பேசுவோருக்கும் பொருந்தும் அன்றோ?

அடுத்து வந்த ஜும்ஆவில் மிம்பரிலேயே என் தவற்றைக் கூறித் திருத்தினேன். முதற்பரிசு பெற்ற மாணவர் தாமாகவே முன்வந்து தம் கேடயத்தைத் திருப்பித் தர முயன்றார். அதை நாங்கள் ஏற்கவில்லை. அவர் தம் இமாமை நம்பினார், அவ்வளவே. அவருடைய நாவன்மை அல்லாஹ் அளித்த அருட்கொடை. அந்த மாணவிக்கும் முதற்பரிசு வழங்க முத்தவல்லி அவர்களும் கமிட்டியாரும் ஒருமனதாக இசைந்தனர்.

வரும் ஆண்டு முதல் போட்டியில் ஒரு விதி சேர்க்கப்பட்டுள்ளது. பேசுவோர் தாம் கூறும் செய்திகள் எங்கிருந்து பெறப்பட்டன என்பதை ஒரு தாளில் எழுதி நடுவரிடம் தர வேண்டும். அதற்கெனத் தனி மதிப்பெண் உண்டு. பெற்றோர்களே! பிள்ளைகளுக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கும் பெரியோர்களே! கைதட்டு வாங்கும் வரியைத் தேடுமுன், அது நடந்ததா என்று தேடுங்கள். பயானில் நான் சொல்லும் செய்தியில் ஐயம் தோன்றினாலும் அந்த மாணவியைப் போல் வந்து கேளுங்கள். அதை அவமரியாதையாகக் கருதமாட்டேன்.

காயிதே மில்லத் அவர்களின் கப்ரை வல்ல நாயன் ஒளிமயமாக்குவானாக! நம் பிள்ளைகளுக்கு உண்மையைத் தேடும் அறிவையும், அதைச் சபையில் எடுத்துரைக்கும் துணிவையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.