குளம் மூடிக்கொண்டது

துக்கத்தை எழுதுவது சுலபம் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அழுதாள், விம்மினாள், புரண்டாள் என்று எழுதிக்கொண்டே போகலாம். வாசகருடைய கண் மட்டும் நனையாது. ஏன் என்று எனக்குப் புரியவைத்தது ஒரு வங்காளிப் படம்.

சத்யஜித் ராய் கல்கத்தாவில் ஒரு விளம்பரக் கம்பெனியில் சித்திரக்காரராக இருந்தவர். விபூதிபூஷண் பந்தோபாத்யாயாவின் 'பாதேர் பாஞ்சாலி' நாவலின் சுருக்கப் பதிப்புக்குப் படம் போடும் வேலை அவரிடம் வந்தது. கதை அவர் மனசில் காட்சிகளாகக் குடியேறியது அப்போதுதான்.

1952 அக்டோபரில் படப்பிடிப்பைத் தொடங்கினார். நாணல் பூத்த வெளியில் அக்காளும் தம்பியும் ரயிலைக் காணும் கட்டம். ஒரு நாள் எடுத்தாயிற்று. மறு வாரம் போய்ப் பார்த்தால் பூவையே காணோம், மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! மனிதர் அடுத்த பூக்காலம் வரை காத்திருந்தார். அந்த வெள்ளைப் பரப்பு இல்லாவிட்டால், கரும்புகை கக்கிக்கொண்டு வரும் ரயிலுக்கு அங்கே என்ன அர்த்தம்? படம் 1955-இல் வெளிவந்தது. ஒளிப்பதிவு செய்த சுப்ரத மித்ரா அதற்குமுன் சினிமாக் காமிராவை இயக்கியதே இல்லை.

அக்காள் துர்கா மழையில் நனைந்து, ஜுரம் கண்டு, புயலடிக்கும் ஓர் இரவில் போய்விடுகிறாள். ஒன்றும் அறியாத தகப்பன் வெளியூரிலிருந்து திரும்பி, மகளுக்கென்று வாங்கிய புடவையை எடுத்து நீட்டுகிறான். தாய் அதை வாங்கிப் பல்லால் கடித்துக்கொண்டு சரிகிறாள். அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாகத் தார் ஷெனாய் வீறிடுகிறது. மனிதத் தொண்டை தாங்காத அழுகை அது.

குடும்பம் ஊரை விட்டுக் கிளம்புகிறது. சாமான்களை எடுக்கும்போது தம்பி அபுவின் கையில் ஒரு மணிமாலை அகப்படுகிறது. திருடவேயில்லை என்று அக்காள் சாதித்தாளே, அதே மாலை! யாரிடமும் சொல்லாமல் ஓடிப்போய்க் குளத்தில் எறிகிறான். பாசி விலகுகிறது, கறுத்த தண்ணீர் தெரிகிறது, மெல்ல மெல்லப் பாசி மறுபடியும் கூடுகிறது. அக்காளின் மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது. ஒரு வார்த்தை பேச்சில்லை.

படம் பார்த்துவிட்டு வந்த இரவு, எழுதிக்கொண்டிருந்த நாவலில் ஒரு மரணக் கட்டத்தை எடுத்துப் படித்தேன். ஆறு பக்கம் அழுகை. எழுதியவனைத் தவிர வேறு யார் அழப்போகிறார்கள்? கிழித்துப் போட்டேன். கிழவரின் கைத்தடி கதவு மூலையில் சாய்ந்திருந்தது என்று ஒரே ஒரு வரி எழுதினேன். சரியாக வந்ததா என்று வாசகர்கள்தாம் சொல்லவேண்டும்.