பதிவிறக்கம் முடிந்த பின்: பிட்டொரண்டில் கைம்மாறில்லாப் பகிர்வு

பயனர்கள் தமக்குள் நேரடியாகக் கோப்புகளைப் பகிரும் வலையமைப்புகளில் வாங்குவோர் மிகுதி, கொடுப்போர் குறைவு. நியூடெல்லா வலையமைப்பை 2000-இல் ஆராய்ந்த அடாரும் ஹூபர்மனும், பயனர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் எதையும் பகிரவில்லை எனக் கண்டனர். தேடல்களுக்குக் கிடைத்த பதில்களில் ஏறக்குறைய பாதி வெறும் 1 விழுக்காட்டினரிடமிருந்து வந்தது. பிராம் கோஹன் 2001-இல் வெளியிட்ட பிட்டொரண்ட் இக்குறையைத் தீர்த்தது என்றும், கொடுப்பவருக்கே கிடைக்கும் என்ற விதியால் தன்னலமே அங்கு பகிர்வை நடத்துகிறது என்றும் சொல்லப்படுகிறது. கோஹனின் 2003-ஆம் ஆண்டுக் கட்டுரையின் வாதமும் இதுவே. கோப்பு வேகமாகப் பரவுவதை இவ்விளக்கம் தெளிவாக்குகிறது. அது நிலைத்திருப்பதை விளக்கவில்லை.

பிட்டொரண்டில் கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. நெறிமுறையின் மூல வடிவில், ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்.எச்.ஏ.-1 முறையில் கணித்த 20 பைட் அடையாளம், பதிவிறக்கத்தைத் தொடங்க உதவும் சிறிய 'டொரண்ட்' கோப்பில் இருக்கும். வந்த துண்டு அதனோடு ஒத்துப்போகாவிட்டால் மென்பொருள் அதை ஒதுக்கிவிடும். அனுப்பியவர் யார், நம்பத்தக்கவரா என்று ஆராய வேண்டியதே இல்லை. முன்பின் அறியாதவர்களின் கூட்டுறவுக்கு இதைவிட உறுதியான அடித்தளம் அமைப்பது கடினம். எந்தத் துண்டு மிகக் குறைவானோரிடம் உள்ளதோ அதையே முதலில் கேட்பது அடுத்த விதி. ஒரே ஒரு துண்டு எவரிடமும் இல்லாது போனாலும் கோப்பு யாருக்கும் முழுமையாகக் கிட்டாது என்பதால் அரிய துண்டுகளின் படிகளை இவ்விதி விரைந்து பெருக்குகிறது.

கொடுக்கல் வாங்கல் இதன் மேல் நிகழ்கிறது. கோஹனின் வடிவமைப்பில் ஒருவர் இயல்பாக நால்வருக்கு அனுப்புவார். 10 நொடிக்கு ஒருமுறை, தமக்கு வேகமாகத் தருவோர் யாரெனப் பார்த்து அந்த நால்வரைத் தேர்வார். புதியவருக்கும் வாய்ப்புக் கிடைக்க, ஓர் இடம் மட்டும் 30 நொடிக்கு ஒருமுறை சுழற்சியில் விடப்படும்.

ஆனால் முழுக் கோப்பையும் பெற்றுவிட்ட 'சீடர்' எவரிடமிருந்தும் எதையும் வாங்குவதில்லை. அவர் எடைபோடக் கைம்மாறு ஏதும் இல்லை. யாருக்கு வேகமாக அனுப்ப முடிகிறதோ அவருக்கே அனுப்புவார். பெறுபவர் பிறருக்குத் தருகிறாரா என்பதை அவர் பார்ப்பதில்லை. சூரிச் ஆய்வாளர்கள் 2006-இல் உருவாக்கிய பிட்தீஃப் என்ற மென்பொருள் எதையுமே அனுப்பாமல் முழுக் கோப்புகளைப் பெற்றுக் காட்டியது.

ரெட் ஹாட் லினக்ஸ் 9 இயங்குதளம் பிட்டொரண்டில் விநியோகிக்கப்பட்டதை ஐந்து மாதம் கண்காணித்து 2004-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் தெளிவானது. சீடர்கள் அனுப்பிய தரவு, இறக்கிக்கொண்டிருந்தோர் அனுப்பியதைப்போல் இருமடங்குக்கும் மேல். பதிவிறக்கம் முடிந்த பின்னும் பயனர்கள் சராசரியாக ஆறரை மணி நேரம் இணைப்பில் இருந்தனர். மென்பொருளை மூடாமல் விட்டுச் சென்றவர்களும் இதில் அடங்குவர். அனைத்தையும் ஈகை என்று கொள்ள முடியாது. ஆயினும் ஈகையோ கவனமின்மையோ, இரண்டுமே கைம்மாறு விதிக்கு அப்பாற்பட்டவை.

பகிர்வோரை ஒருவரோடு ஒருவர் இணைத்துவிடும் 'ட்ராக்கர்' வழங்கிகளில், உறுப்பினர் மட்டும் நுழையக்கூடியவை இறக்கியதற்கு ஈடாக ஏற்றவும் வேண்டும் எனக் கணக்கு வைக்கின்றனவே என்று மறுப்பு எழலாம். அக்கணக்கை நடத்துவது ட்ராக்கரின் நிர்வாகம். நெறிமுறை தராத ஊக்கத்தை வெளியிலிருந்து சேர்க்க வேண்டியிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அதுபோலவே, எண்ணிம நூலகமான இண்டர்நெட் ஆர்க்கைவும் 2012-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டொரண்டுகளை வெளியிட்டபோது, துண்டுகளை எப்போதும் வழங்கும் பொறுப்பைத் தன் சொந்த வழங்கிகளிடமே ஒப்படைத்தது.