ஓதமும் சுதையும்

ஓதம் என்னும் சொல் கடலையும் அலையையும் குறிக்கும். சுவரில் ஊறும் ஈரத்தையும் குறிக்கும். கடற்கரைக் கட்டடங்களை ஆராய்வார்க்கு இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்தமை பொருத்தமாகவே தோன்றும். இதனைத் தரங்கம்பாடியை முன்வைத்து ஈண்டு ஆராய்வோம்.

தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று, டேனியர் 1620-இல் அவ்வூரில் டேன்சுபர்க்குக் கோட்டையை எழுப்பத் தொடங்கினர். 1845-இல் ஊர் ஆங்கிலக் கும்பினியார்க்கு விற்கப்பட்டது. 1706-இல் வந்த சீகன்பால்கு தமிழ் நூல்களை அச்சிட்டதும் இவ்வூரிலேயே ஆகும். இங்குள்ள பழங்கட்டடங்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் ஆயவை.

நிலத்து நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும். உப்பையும் உடன் கொணரும். உப்பங்காற்றும் புறத்தே உப்பைப் படிவிக்கும். நீர் ஆவியாக, உப்பு துளைக்குள் படிகமாகித் தன் அழுத்தத்தால் பூச்சை உதிர்க்கும். இதனையே மக்கள் உவர் பூத்தல் என்பர். சுண்ணாம்புச் சுதையோ ஈரத்தை வெளியே போகவிடும் இயல்பினது. எனவே சுதை தேயும், சுவர் பிழைக்கும்.

சிமெண்டுக்கு 1824-இல்தான் இங்கிலாந்தில் காப்புரிமை அளிக்கப்பெற்றது. அதனைப் பழஞ்சுவரில் பூசுவோர் நீரைத் தடுத்ததாகவே எண்ணுவர். உண்மையில் அவர் ஈரத்தை உள்ளே சிறைவைப்பவராவர். வெளியேற வழியற்ற ஈரம் சுவரில் மேலும் உயர ஏறும். உப்பு பூச்சின் பின்னே தங்கிச் செங்கல்லையே பொடியாக்கும். புறத்தே பூச்சு உறுதியாக நிற்க, அகத்தே சுவர் அழியும்.

ஆதலின் புதுப்பிப்போர் முதற்கண் தளத்தின் ஒழுக்கையும் மழைநீர் வடிகாலையும் செப்பனிடல் வேண்டும். சுவரடியில் மேடிட்ட மண்ணை அகற்றல் வேண்டும். பின்னர், ஈரக் காகிதக் கூழை அப்பி உப்பை உறிஞ்சச் செய்தல் வேண்டும். மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலில் தொல்லியல் துறையினர் கையாண்ட முறை இதுவே. இறுதியாக, நன்கு நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பைக் கடல்மணல் கலவாது அரைத்துப் பூசுதல் வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை இதனோடு சேர்த்தல் நம் கொத்தர் மரபு.

சுதைப்பூச்சு சில ஆண்டுகட்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டுவது, இது குறையன்று. ஏடு சிதையுமுன் பெயர்த்தெழுதியே நம் முன்னோர் நூல்களைக் காத்தனர். சுவரைக் காக்கும் நெறியும் அத்தகையதே. அக்கொத்தரின் தொழிலறிவு மறையுமாயின், கட்டடங்களோடு காரை, சுதை, ஓதம் முதலிய சொற்களும் வழக்கொழிந்து அகராதியளவில் நின்றுவிடும். அவற்றை அவர் வாய்மொழியிலிருந்தே தொகுத்தல் தமிழாய்வாளர் கடனாகும்.