குழாயும் பெட்டியும்: பழைய ஒலிபெருக்கிகளும் கேட்பதன் அரசியலும்

1

'பழைய ஸ்பீக்கரச் சரிபண்ணி வீட்ல பாட்டுக் கேக்குறதுக்கும் அரசியலுக்கும் என்னப்பா சம்பந்தம்?' நண்பர்கள் பலரும் கேட்டுவிட்ட கேள்வி இது. கையில் கொஞ்சம் காசும் நேரமும் உள்ளவர்களின் பழம்பொருள் மோகம், அதற்கு ஏன் தத்துவ முலாம் பூச வேண்டும் என்ற கிண்டலும் அதில் உண்டு. கிண்டலில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றியே இங்கு பேச வேண்டியிருக்கிறது.

நயினார்கோவிலில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்துவருகிறேன். மைக்செட் தொழிலை விட்டவர்கள் எடைக்குப் போட்ட குழாய்கள், வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய காகிதக் கோன் ஸ்பீக்கர்கள், கரையான் அரித்த மரப்பெட்டிகள் எனப் பலதும் என் மேசைக்கு வருகின்றன. (செய்தித்தாள்கள் 'கூம்பு வடிவ ஒலிபெருக்கி' என்று எழுதுவதைத்தான் எங்கள் பக்கத்தில் 'குழாய்' என்கிறோம்.) கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: 'அந்தக் காலத்து சவுண்டு அப்படியே வரணும், ஆனா இன்னும் நல்லா வரணும்.'

இந்த ஒற்றை வாக்கியத்துக்குள் ஒரு முரண் இருக்கிறது. 'அப்படியே' என்பதும் 'இன்னும் நல்லா' என்பதும் எப்படிச் சேர்ந்திருக்க முடியும்? பழுதுபார்ப்பவர் ஒவ்வொரு முறையும் 'எது அசல்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். மேலோட்டமாக அது ஒரு தொழில்நுட்பப் பதில். உள்ளே பார்த்தால், யாருடைய காதை அளவுகோலாக வைத்துக்கொள்கிறோம் என்கிற தேர்வு.

2

ஒலிபெருக்கி வீட்டுக்காகப் பிறந்த பொருளல்ல. பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும் 1915 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பொதுமக்கள் முன் வைத்துக் காட்டிய கருவியின் முகத்தில் இருந்தது ஒரு குழாய். 1919 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் வில்சன் சான் டியாகோவில் சுமார் 50,000 பேருக்குக் கேட்கும்படி பேசியது இந்த வகைக் கருவியின் வழியாகத்தான். ஆக, முதலில் பிறந்தது கூட்டம். அல்லது, கூட்டம் என்ற ஒன்றைக் குரலால் கட்டிப்போட முடியும் என்ற அதிகாரத்தின் கனவு.

1925இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைசும் எட்வர்ட் கெல்லாகும், காந்தத்தின் இடுக்கில் அசையும் கம்பிச்சுருளோடு காகிதக் கோனை ஒட்டி, குழாயே இல்லாமல் ஒலியை நேரடியாக அறைக்குள் விடும் வடிவத்தை வெளியிட்டார்கள். இன்றைக்கு நம் வீடுகளில் இருக்கும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை அதன் பேரப்பிள்ளைகள். குழாய் தெருவுக்கு, கோன் வீட்டுக்கு என்ற பாகப்பிரிவினை அங்கே தொடங்கியது எனலாம்.

இரண்டுக்கும் இயற்பியல் வேறு. காகிதக் கோன் தனக்குள் வரும் மின்சக்தியில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கைத்தான் ஒலியாக்குகிறது. மீதி சூடாகப் போய்விடும். குழாயோ ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல் ஒலியாக்கித் தள்ளும். பாட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிபயரை வைத்துக்கொண்டு ஒரு கிராமத்துக்கே பாட்டுப் போட முடிந்தது இதனால்தான். அதற்கு விலையும் உண்டு. குழாயின் வாய் எவ்வளவு அகலமோ அந்த அளவுக்குத்தான் கீழ் சுருதி இறங்கும். மரத்தில் கட்டும் அளவுள்ள குழாயில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏதும் வராது. மிருதங்கத்தின் தொப்பி அதில் இல்லை. மனிதக் குரல் இருக்கும். அதுவும் சொல் புரிகிற பகுதி மட்டும்.

1954இல் எட்கர் வில்ச்சர் காற்றுப்புகாத சிறிய பெட்டிக்குள் ஸ்பீக்கரை அடைத்து ஆழமான தாழ்சுருதியை வரவழைத்தார். அடுத்து, ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் (1961), ரிச்சர்ட் ஸ்மால் (1970களின் தொடக்கம்) ஆகியோரின் கணக்குகள் பெட்டி வடிவமைப்பை ஒரு சூத்திரமாக்கின. சின்னப் பெட்டி வேண்டும், ஆழமான தாழ்சுருதியும் வேண்டும் என்றால் சத்தத்தைப் பலிகொடுக்க வேண்டும் என்பதே அந்தச் சூத்திரத்தின் சாரம். பழைய வால்வு ரேடியோ ஸ்பீக்கர் 1 வாட்டில் தருகிற சத்தத்தை எட்ட இன்றைய சிறு பெட்டிக்கு 10 வாட்கூடத் தேவைப்படலாம். இதை வெறும் முன்னேற்றமாகப் படிக்க முடியவில்லை. போருக்குப் பிந்தைய அமெரிக்கப் புறநகர் வீட்டின் வரவேற்பறை, கதவைச் சாத்திக்கொண்டு தனியே கேட்கும் ஒரு காது, அந்தக் காதுக்கேற்ற 'துல்லியம்' எல்லாம் இந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. 'துல்லியம்' என்ற சொல்லாடல் உலகப்பொதுவானதுபோல் பேசுகிறது. அதற்கும் ஒரு முகவரி இருக்கிறது.

3

அந்த முகவரிக்கு வெளியே இருந்தது நம் கேட்பு. பரமக்குடி வட்டாரத்துக் கரிசலில், மானாவாரி மிளகாய்க் காட்டில் நின்றுகொண்டு, ஏதோ ஒரு ஊரின் காதுகுத்துக்கோ சடங்குக்கோ கட்டிய குழாயின் பாட்டைக் காற்றோடு சேர்த்துக் கேட்டவர்கள் நாம். காற்று திரும்பினால் பாட்டும் திரும்பும். பல்லவி இங்கே கேட்கும், சரணம் அடுத்த ஊருக்குப் போய்விடும். 'குழாய்ல பேஸ் இல்லேன்னு சொல்றவன் வீட்டுக்குள்ள உக்காந்து கேட்டவன். ரெண்டு வயக்காடு தள்ளி நின்னு கேக்கச் சொல்லுங்க' என்பது மைக்செட்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்.

இந்தக் கேட்பை வெறும் கிராமிய அழகாகச் சுருக்கிவிடக்கூடாது. சூத்திரன் வேதத்தைக் கேட்டால் அவன் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். காதுக்குப் பூட்டுப்போட்ட மரபு நம்முடையது. அந்த அரக்குதான் பிறகு கிராமபோன் இசைத்தட்டின் மூலப்பொருளாயிற்று. 78 சுற்று இசைத்தட்டுகளுக்கு உலகம் முழுதும் பயன்பட்ட அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளில் சேகரிக்கப்பட்டது. காதை அடைக்கச் சொன்ன பொருளே காதைத் திறக்கும் பொருளாக மாறிய முரண்நகையை நம் இசை வரலாறுகள் போதுமான அளவு கவனிக்கவில்லை.

தட்டைச் சுழற்றி குழாயில் விட்டபோது இன்னொன்று நடந்தது. உடல் நுழையக்கூடாத தெருவுக்குள் ஒலி நுழைந்தது. கோயில் வாசல்வரைகூட வர அனுமதியில்லாதவரின் குடிசைக்குள் சீர்காழியின் குரல் விநாயகர் பாட்டோடு போய்ச் சேர்ந்தது. நாகூர் ஹனிபா தர்காவையும் தாண்டிக் கேட்டார். காற்றுக்குத் தீட்டில்லை.

ஆனால் இதை ஜனநாயகம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. கேட்கும் உரிமை பரவிய அளவுக்குப் பேசும் உரிமை பரவவில்லை. குழாயை எந்தத் தெருவைப் பார்த்துத் திருப்பிக் கட்டுவது, எந்தத் தலைவரின் பாட்டை யார் தெருமுனையில் போடுவது என்பதெல்லாம் இந்த மாவட்டத்தில் மோதலின் காரணங்கள். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்ட மண் இது. இங்கே ஒலி என்பது எல்லைக்கல். பாட்டுப் போடுவது நிலத்தை அளப்பதுபோல ஒரு காரியம்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதிய கடிதத்தில், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தவும், பதிலாக வாகனங்களில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கவும் சொன்னார். ஊரார் கேட்க வேண்டிய செய்தியை ஒரு சாதியின் கையில் பறையாகக் கட்டிவைத்திருந்த இழிவை நீக்க அரசுக்குக் கடைசியில் கிடைத்த கருவியும் குழாய்தான். அதே குழாய் அவமதிக்கவும் செய்யும், அவமதிப்பிலிருந்து விடுவிக்கவும் செய்யும். கருவி தன்னளவில் யார் பக்கமும் இல்லை. யார் கையில், எந்தத் திசையில் என்பதே கேள்வி.

வீட்டுக்குள் வந்த ரேடியோவும் முழுக்கத் தனிமையானதாக இருக்கவில்லை. 1952இல் மத்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது, கேட்பவர்கள் அலைவரிசையைத் திருப்பி இலங்கைக்குப் போனார்கள். ராமநாதபுரம் கடற்கரைக்கு இலங்கை வானொலி அடுத்த வீட்டுக் குரல். 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கியதே, அரசாங்கம் தன் மக்களின் காதைத் திரும்பப் பிடிக்கச் செய்த முயற்சிதான். டீக்கடை ரேடியோவின் 8 அங்குல ஸ்பீக்கரைச் சுற்றி நின்றவர்களுக்கு அது 'வீட்டுப் பெட்டி'யாக இருக்கவில்லை. அல்ஜீரிய விடுதலைப் போரில், பிரெஞ்சு ராணுவம் இரைச்சலால் மறித்த ஒலிபரப்பைப் பெட்டியில் காதை வைத்து ஒருவர் கேட்டுச் சொல்ல, மற்றவர்கள் கூடி அர்த்தப்படுத்திக்கொண்டதை ஃபனான் 1959இல் எழுதினார். கேட்பது கூட்டு உழைப்பு என்று அவர் சொன்னதை நாம் டீக்கடையில் செய்து பார்த்திருக்கிறோம்.

4

பிறகு சட்டம் வந்தது. ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னையைச் சேர்ந்த ஒரு தேவாலய வழக்கில், மற்றவர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் வழிபடுவதை எந்த மதமும் விதிக்கவில்லை என்றது உச்ச நீதிமன்றம். 2005 ஜூலைத் தீர்ப்பு இரவு 10 முதல் காலை 6 வரையிலான தடையை மேலும் இறுக்கியது.

நோயாளிக்கும், படிக்கிற பிள்ளைக்கும், இரவு வேலை முடித்து வந்து தூங்குகிறவருக்கும் அமைதி உரிமைதான். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நடைமுறையில் சட்டம் எந்தச் சத்தத்தை 'இரைச்சல்' என்று முதலில் அடையாளம் காண்கிறது? கிராமத்து மைக்செட்காரரின் குழாயைப் பறிமுதல் செய்வது எளிது. ஊர்வல வண்டியில் அடுக்கிய பெட்டிகள் அதே தெருவில் சுவரை அதிரவைத்துக்கொண்டு போகின்றன. அவற்றின் உரிமையாளருக்குப் பின்னால் யாராவது இருப்பார்கள்.

தெருவிலிருந்து வெளியேற்றப்பட்ட குழாய் பழைய இரும்புக்கடைக்குப் போகிறது. அங்கிருந்து சேகரிப்பாளரின் வரவேற்பறைக்கு வருகிறது. தெருவில் குற்றம், வீட்டில் கலை! இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 1920களின் பேசும்படக் கொட்டகைகளுக்காக வெஸ்டர்ன் எலக்ட்ரிக் செய்த குழாய் ஒலிபெருக்கிகள் ஜப்பானிலும் கொரியாவிலும் செல்வந்தர்களின் தனி அறைகளில் உட்கார்ந்திருக்கின்றன. ஆயிரம் பேருக்கான ஒலி ஒரு நாற்காலிக்கு ஒதுக்கப்படுகிறது.

5

இனி மேசை. ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒன்றரை வோல்ட் பாட்டரியைத் தொட்டால் போதும், 'கரக்' என்று சொல்லும். 8 ஓம் என்று எழுதியிருப்பதில் மீட்டர் 6, ஆறரை காட்டினால் காயில் நன்றாக இருக்கிறது. 1970களுக்குப் பிறகு வந்த பல பெட்டிகளில் கோனின் ஓரத்தில் பஞ்சு வளையம் இருக்கும். அது பதினைந்து இருபது வருஷத்தில் உதிர்ந்துவிடும். ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். அதற்கு முந்தைய காகித ஓரமும் துணி ஓரமும் இன்னும் தாக்குப்பிடிக்கின்றன. எது 'மேம்பட்ட' பொருள் என்று கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் இது.

காந்தத்தைப் பாருங்கள். பழைய ஸ்பீக்கரில் இருப்பது அல்னிகோ. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்தது. 1978இல் ஜயரின் (இன்றைய காங்கோ) ஷாபா பகுதியில் நடந்த சண்டையால் கோபால்ட் விலை ஏறியபோதுதான் கம்பெனிகள் மொத்தமாக ஃபெரைட் காந்தத்துக்கு மாறின. 'அல்னிகோ சவுண்டே தனி' என்று உருகுகிற நண்பர், அந்தத் தனித்துவத்தில் காங்கோச் சுரங்கத் தொழிலாளியின் பங்கையும் சேர்த்துக்கொண்டு உருகட்டும்.

மேம்படுத்துதல் என்ற பெயரில் அதிகம் நடப்பது, ஒலியைப் பிரித்தனுப்பும் சுற்றில் காய்ந்துபோன கப்பாசிட்டரை எடுத்துவிட்டு விலையுயர்ந்த பிலிம் கப்பாசிட்டரைப் போடுவது. காய்ந்ததை மாற்றத்தான் வேண்டும். ஆனால் பழைய கப்பாசிட்டருக்குள் சிறிது மின்தடை இருந்தது. வடிவமைத்தவர் அதையும் கணக்கில் வைத்திருக்கலாம். புதியதில் அது ஏறக்குறைய இல்லை. விளைவு, உச்ச சுருதி தூக்கலாகும். 'அடேயப்பா, எவ்ளோ தெளிவு!' என்பார்கள். அந்தத் தெளிவு புதிதாகச் சேர்த்த ஒன்று, மீட்டது அல்ல. வரிசையில் ஒரு சிறு ரெசிஸ்டர் சேர்த்தால் பழைய சமநிலைக்குக் கிட்டே போகலாம். சில ரூபாய் வேலை. குழாயோடு தாழ்சுருதிப் பெட்டி ஒன்றைச் சேர்த்து 'முழுமை' ஆக்குவதும் இதே ரகம்தான். செய்யலாம், கேட்க நன்றாகவும் இருக்கும். ஆனால் அது இன்றைய காதுக்கான புதிய ஒலி; 'அந்தக் காலத்து சவுண்டு' என்று அதற்குப் பெயர் வைப்பது வரலாற்றுப் பொய்.

எனவே சில விஷயங்களை முன்வைக்கிறேன். செய்யும் மாற்றம் திரும்ப எடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். கழற்றிய கோனையும் கப்பாசிட்டரையும் எறியாமல் பெட்டிக்குள்ளேயே கட்டி வைக்க வேண்டும். என்ன மாற்றினோம் என்று தேதியோடு ஒரு சீட்டும் ஒட்ட வேண்டும். காயில் சுற்றவும் கோன் ஒட்டவும் தெரிந்த கைகள் குறைந்துகொண்டு வருகின்றன. அவர்கள் அறிவைப் பாடமாக எழுதிவைப்பது சிறுபத்திரிகைக்காரர்கள் செய்யக்கூடிய வேலை. செவிவழி வரலாறு என்று நாம் பேசுவதில் இதுவும் அடங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சரிசெய்த ஸ்பீக்கர் நாலு பேர் கேட்கும் இடத்தில் பாட வேண்டும். நூலகத் திண்ணையில், படிப்பு வட்டத்தில், சட்டம் அனுமதிக்கும் நேரத்தில், அனுமதிக்கும் அளவில்.

எங்கள் ஊர்ப் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். வாய்பேச முடியாத ஒரு முஸ்லிம் பெண், இங்கே வாசுகி தீர்த்தத்தில் மூழ்கி எழுந்து 'நயினார்' என்று வாய்திறந்தாளாம். ஊருக்கு அதுவே பெயராயிற்றாம். நாகநாதர் கோயிலுக்கு முஸ்லிம்கள் இன்றும் வந்துபோகிறார்கள். ஒரு குரல் வெளியே வந்ததற்காகப் பெயர் வைத்துக்கொண்ட ஊர். அந்தக் குரலைக் கேட்க அன்று கரையில் வேறு ஆட்கள் நின்றிருக்க வேண்டும். இல்லையென்றால் அது பெயராகியிருக்காது. ஒலிபெருக்கியை மீட்பதாகச் சொல்லும் நாம் அந்தக் கரையையும் மீட்கப்போகிறோமா என்பதே என் கேள்வி.