பத்தியம் எழுதும் கை

வைத்தியர் பத்தியம் சொல்வார், வீட்டுப் பெண்கள் அதைப் பக்குவமாகச் சமைத்துப் போடுவார்கள் என்றிருந்த காலத்தில், ஒரு நோயாளிக்கு ஒரு குடும்பமே காவல் நின்றதால், பத்தியம் பார்ப்பது தனியொரு உத்தியோகமாகும் என்று எவரும் எண்ணியதில்லை. அதை உத்தியோகமாக்கிய சாஸ்திரத்துக்கு நம் பக்கத்தில் தாய்வீடு குன்னூர். மருத்துவர் மக்காரிசன் அங்கே வளர்த்த போஷணை ஆராய்ச்சிக்கூடத்தின் பொறுப்பை 1935-இல் ஏற்ற ஐக்ராய்டு, இந்திய உணவுகளின் சத்தளவுகளை அட்டவணையாக்கி 1937-இல் வெளியிட்டார். அரிசியும் பருப்பும் கீரையும் எண்களாகி ஆஸ்பத்திரிச் சமையற்கட்டுக்குள் நுழைய வழி பிறந்தது.

அதே 1937-இல் புதுவையில் வேறொரு கணக்கு எழுதப்பட்டது. முந்திய ஆண்டு ஜூலை 30-ஆம் நாள், உரிமை கேட்டு எழுந்த பஞ்சாலைத் தொழிலாளர்மீது பிரெஞ்சிந்திய அரசின் துப்பாக்கிகள் சீறியதில் பன்னிருவர் மாண்டனர். அந்த உயிர்களை விலையாகப் பெற்ற பிறகே, ஏப்ரல் 6-ஆம் நாள் பிறந்த தொழிற்சட்டம் எட்டு மணி நேர வேலை என்னும் நியாயத்தை அங்கீகரித்தது. உண்பவனுக்கு அளவு கண்ட சாஸ்திரமும் உழைப்பவனுக்கு அளவு கண்ட சட்டமும் ஒரே வருஷத்தில் தோன்றியும், ஒன்றையொன்று இன்னும் சரிவரச் சந்திக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

புதுவையின் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டை ஆலைகளுக்கும் 2025 வரை பொருந்திய 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யுமிடத்தில் உணவகம் அமைக்க விதி செய்ய இடமளித்தது; தொழிலாளியின் நாளுக்கும் 9 மணி என்று வரம்பு கட்டியது. ஆஸ்பத்திரியில் பத்தியம் எழுதும், டயட்டீஷியன் எனப்படும் பெண்ணோ (பெரும்பாலும் பெண்தான்), சர்க்கரை நோயாளிக்குச் சோற்றைக் குறைத்து, சிறுநீரகம் கெட்டவருக்குக் காயை வேகவைத்து நீரை வடிக்கச் சொல்லி, மூக்குக்குழாயில் உண்பவருக்கு வேளைக்கு இத்தனை மில்லி என்று குறித்துவிட்டு நிமிர்வதற்குள், இருவர் வீடு போயிருப்பர், மூவர் புதிதாய்ச் சேர்ந்திருப்பர். சீட்டு முழுவதையும் திருத்தியாக வேண்டும். உப்பில்லாச் சோறு திரும்பி வந்தால் வசவும் அவளுக்கே. மருந்து கசந்தால் டாக்டரை யார் வைகிறார்கள்?

இப்படி நாள்தோறும் தேய்ந்து, வேலையில் பற்றற்றுப் போகும் நிலைக்கு 1974-இல் நியூயார்க்கு மனோதத்துவ நிபுணர் பிராய்டன்பெர்கர் வர்ணனை எழுதினார். 2019-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அதை நோயென்று சொல்லாமல், பணியிடத்தில் சரிவர நிர்வகிக்கப்படாத நெடுநாள் நெருக்கடியின் விளைவு என்று வகுத்தது. நிர்வகிக்கப்படாத என்றால் நிர்வாகஸ்தரைத்தானே கேட்க வேண்டும்? ஒருநாள் யோகாசன வகுப்பு வைத்துவிட்டு அவர் கைகழுவ இயலாது. காய்கறிப் பில்லையும் ஸ்டோர் ரிஜிஸ்டரையும் அவள் மேஜையிலிருந்து எடுத்து வேறொரு குமாஸ்தாவிடம் கொடுக்கட்டும். அவள் லீவு போட்டால் பத்தியம் எழுத இன்னொரு கை இருக்கட்டும். டாக்டர்கள் வார்டு சுற்றும்போது அவளும் உடன் நின்று பேச இடமளிக்கட்டும்.