‘தியாக பூமி’ வந்த காலம்

1939-ஆம் வருஷத்தில், ‘ஆனந்த விகடன்’ வந்த அன்று அதை யார் முதலில் படிப்பது என்று வீடுகளுக்குள் சச்சரவு நடந்துகொண்டிருந்த அந்நாட்களில், கல்கி எழுதிவந்த ‘தியாக பூமி’ என்னும் தொடர்கதையைப் பிரித்த வாசகர்கள் ஒரு புதுமையைக் கண்டார்கள். கதைக்கு வழக்கமாக ஓவியர் வரைந்து தரும் சித்திரங்கள் இருக்கவேண்டிய இடத்தில், நடிகர்கள் வேஷம் பூண்டு நிற்கும் புகைப்படங்கள் அச்சாகியிருந்தன. சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவன், அவருடைய மகள் சாவித்திரியாக எஸ். டி. சுப்புலக்ஷ்மி, பேத்தி சாருவாகப் பேபி சரோஜா என்று, இன்னும் கொட்டகைக்கு வராத ஒரு படத்தின் முகங்கள் வாரந்தோறும் ஊஞ்சல் பலகையிலும் சமையலறை வாசற்படியிலும் அறிமுகமாகிக்கொண்டிருந்தன.

புகழ்பெற்ற நாவல் ஒன்றைப் பல வருஷங்கள் கழித்துப் படமாக்குவதும், படம் பார்த்தவர்கள் நாவலே மேல் என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்புவதும் நமக்குப் பழகிப்போன விஷயங்கள். ‘தியாக பூமி’ விஷயத்திலோ எழுத்தும் படப்பிடிப்பும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடந்தமையால், எது மூலம், எது அதன் வடிவம் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. படத்தை எடுத்தவர் கே. சுப்ரமணியம். விகடன் அதிபரான எஸ். எஸ். வாசனே அதன் விநியோகத்தை ஏற்றுக்கொண்டிருந்தார். ஆகவே, பத்திரிகையில் வந்த ஒவ்வொரு அத்தியாயமும் படத்துக்கு விளம்பரமாயிற்று. படத்தின் ஒவ்வொரு புகைப்படமும் பத்திரிகைக்கு அலங்காரமாயிற்று. இந்த ஏற்பாட்டில் லட்சியத்தோடு வியாபார சாமர்த்தியமும் கலந்திருந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் லட்சியம் பல தடவை அந்தத் துணையோடுதான் வெளியூர் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அதற்கு முன்பும் கதைப் புஸ்தகங்கள் திரைக்கு வராமலில்லை. 1931-இல் ‘காளிதாஸ்’ என்ற படத்தோடு தமிழ் பேசத் தொடங்கிய திரை, முதல் சில ஆண்டுகள் புராணங்களையும் நாடக மேடையில் ஓடிப் பழகிய கதைகளையுமே பெரும்பாலும் நம்பியிருந்தது. 1935-இல் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலான ‘மேனகா’ படமாயிற்று. அடுத்த ஆண்டு, வாசன் எழுதிய ‘சதி லீலாவதி’ என்னும் தொடர்கதை, மதுவின் கேட்டைச் சொல்லும் படமாகி, எம். ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞரைச் சிறு வேஷத்தில் அறிமுகம் செய்தது. அதே 1936-இல், ‘காளிதாஸ்’ படத்தின் கதாநாயகியான டி. பி. ராஜலக்ஷ்மி தாம் எழுதிய நாவலையே ‘மிஸ் கமலா’ என்ற பெயரில் தாமே டைரக்ட் செய்தார். அக்காலத்தில் ஒரு ஸ்திரீ நாவல் எழுதுவதே பேச்சுக்கு இடமாகும். எழுதி, படமெடுத்து, அதில் நடிக்கவும் துணிந்த அவருக்கு உரிய இடத்தை நம்முடைய இலக்கிய சரித்திரக்காரர்கள் இன்னும் தரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

1931-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. நாவல் எவ்வளவு பிரபலமானாலும் அதன் எல்லை அவ்வளவுதான். திரையின் எல்லையோ தரை டிக்கெட் வாங்கக்கூடியவர்கள் அனைவரையும் உள்ளடக்கியது. இவ்விரண்டு உலகங்களுக்கும் நடுவே பாட்டுப் புத்தகம் என்ற விசித்திரமான ஒரு சிற்றிலக்கியம் உலாவியது. மட்டக் காகிதத்தில் சில பக்கங்கள், அட்டையில் கதாநாயகியின் மங்கிய படம், உள்ளே நடிகர்கள் பட்டியல், கதைச் சுருக்கம், அப்புறம் பாட்டுகள் என்ற கிரமத்தில் அச்சாகிக் கொட்டகை வாசலில் சில காசுகளுக்கு விற்ற அந்தப் புத்தகத்தில், கதைச் சுருக்கம் கதாநாயகிக்கு ஆபத்து நேரும் கட்டம் வரை விறுவிறுப்பாக வந்து, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று நின்றுவிடும். வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ இருந்தால் போதும். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டுப் பாட்டுகளை நெட்டுருப் போட்டுவிடுவார்கள். விகடன் தொடர் செய்த காரியத்தைப் பெரிய அளவில் முன்பே செய்துகொண்டிருந்தவை இந்தப் பாட்டுப் புத்தகங்களே.

சுப்ரமணியம் பாபநாசத்துக்காரர், வக்கீல் படிப்புப் படித்தவர். ஆசாரமான தஞ்சை ஜில்லாவின் அக்கிரகாரங்களை உள்ளிருந்து அறிந்தவர் ஆதலால், எங்கே தொட்டால் வலிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1937-இல் அவர் எடுத்த ‘பாலயோகினி’யில், விதவைக்கு நேரும் அவமானத்தைக் காட்ட நடிகைக்கு வேஷம் கட்டாமல், உண்மையாகவே கைம்மை பூண்ட ஒரு பிராமண மாதை நடிக்க வைத்தார். வைதிகர்கள் கூடி அவரை ஜாதிப் பிரஷ்டம் செய்ததாக அறிவித்தார்கள். ஊர்களில் தாய்மார்களோ தங்கள் பெண் குழந்தைகளுக்கு அந்தப் படத்தின் குழந்தை நட்சத்திரத்தை நினைத்துச் சரோஜா என்று பெயர் வைக்கத் தொடங்கினார்கள். பிரஷ்ட அறிவிப்பு எவ்வளவு தூரம் எட்டியது என்பதற்கு அந்தப் பெயர்களே பதில்.

அடுத்த ஆண்டு வெளிவந்த ‘சேவாசதனம்’, காசி நகரத்தைக் களமாகக் கொண்டு பிரேம்சந்த் எழுதிய ஹிந்தி நாவலின் தமிழ் வடிவம். எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் முதல் படமும் அதுவே. வரதக்ஷிணை கொடுக்க வழியில்லாமல் தகாத இடத்தில் மணம் செய்விக்கப்பட்டு, கணவனால் வாசலுக்கு வெளியே தள்ளப்பட்ட ஒரு பெண்ணின் கதை, கங்கைக் கரையிலிருந்து தமிழ் நாட்டு வீட்டுக்கு இடம் மாறியபோது, மாற்றவேண்டியது அதிகமாக இருக்கவில்லை என்பதே ஒரு செய்தி. கிழக் கணவராக நடித்தவர் திருச்சியின் எப். ஜி. நடேசய்யர், ரயில்வே உத்தியோகஸ்தராக இருந்தவர், நாடகப் பித்தர். அவர் அந்தப் படத்தில் தம் பூணூலை அறுத்தெறியும் காட்சி, பாட்டுக்காகக் கொட்டகைக்கு வந்தவர்களைத் திடுக்கிட வைத்தது. பிரேம்சந்த் 1936 அக்டோபரிலேயே காலமாகிவிட்டமையால், தம் கதாநாயகி தமிழில் பாடுவதைக் கேட்க அவருக்கு வாய்க்கவில்லை.

இனி ‘தியாக பூமி’க்கு வருவோம். கோடை, மழை, பனி, இளவேனில் என்று நான்கு பாகங்களாகப் பகுக்கப்பட்ட அந்த நாவலில், நெடுங்கரை என்னும் கிராமத்துச் சம்பு சாஸ்திரி, புயலில் குடிசை இழந்த ஹரிஜனங்களுக்குப் புகலிடம் தந்ததற்காக ஊராரால் விலக்கப்படுகிறார். அவருடைய மகள் சாவித்திரி, கல்கத்தாவில் நவநாகரிக வாழ்வில் மயங்கிக் கிடக்கும் ஸ்ரீதரனுக்கும் கொடுமையே உருவான மாமியாருக்கும் இடையே அல்லலுற்று, கர்ப்பவதியாகத் திரும்பி வரும்போது தகப்பனாரும் ஊரில் இல்லை. பெற்ற குழந்தையை அவரிடமே சேரும்படி விட்டுவிட்டு மறைகிறாள். வருஷங்கள் கழித்துப் பம்பாயிலிருந்து உமாராணி என்ற பெயருடன் செல்வச் சீமாட்டியாகச் சென்னைக்கு வருகிறாள். அப்போது ஸ்ரீதரனுக்கு மனைவி மேல் பாசம் பிறக்கிறது, கோர்ட்டுக்குப் போகிறான்.

அவன் போட்ட வழக்கு எத்தகையது என்பதில்தான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது. தாம்பத்திய உரிமையை மீட்டுத் தரவேண்டும், அதாவது மனைவி தன்னோடு வந்து வாழும்படி கோர்ட்டு உத்தரவிடவேண்டும் என்பது அவன் கோரிக்கை. நம் தர்ம சாஸ்திரங்களில் பெண்ணுக்குக் கட்டளைகள் ஏராளம். ஆனால் மனைவியைக் கோர்ட்டு மூலம் வரவழைக்கும் இந்தப் பரிகாரம் இங்கிலாந்தின் கிறிஸ்தவத் திருச்சபைச் சட்டத்திலிருந்து வெள்ளைக்கார நீதிபதிகள் கொண்டுவந்து நட்டது. 1884-இல் பம்பாயில் ருக்மாபாய் என்ற இளம்பெண்ணின் மேல் அவள் கணவன் இதே வழக்கைத் தொடுத்தான். பதினொரு வயதில் மணமாகிப் புருஷன் வீட்டுக்கே போகாத அவளை, 1887-இல் கோர்ட்டு, கணவனிடம் போ, அல்லது ஆறு மாதம் சிறைக்குப் போ என்றது. சிறைக்கே போகிறேன் என்று அவள் சொன்னாள். முடிவில் பணம் கொடுத்துச் சமாதானமாயிற்று; அவள் லண்டன் சென்று வைத்தியம் படித்து வந்தாள். அந்த வழக்கின்போது வைதிகர்கள் அந்நியச் சட்டத்தைச் சனாதன தர்மமாகவே எண்ணி அதற்காக வாதாடிய வேடிக்கையும் நடந்தது.

ருக்மாபாய் சொன்னதைச் சம்பு சாஸ்திரியின் மகள் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறாள். கணவனோடு வாழ மாட்டேன், வேண்டுமானால் அவனுக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்பது அவள் வாதம். கணவன் பணம் தருவதும் மனைவி வாங்குவதுமே சிருஷ்டியின் நியதி என்று எண்ணியிருந்த குடும்பங்களின் நடுவே இந்தப் பேச்சு விழுந்தது. அதை ஒரு துண்டுப் பிரசுரக்காரர் எழுதியிருந்தால் அன்றே குப்பையில் போயிருக்கும். மடிசார் உடுத்தி, அடக்கமே உருவாக, மாமியாரின் வசவுகளையெல்லாம் பொறுத்துக்கொண்ட சாவித்திரியை வாரா வாரம் படித்துக் கண்ணீர் விட்டிருந்தவர்களால், அவள் கோர்ட்டில் நிமிர்ந்து பேசியபோது அவளைத் தூர விலக்க முடியவில்லை. கல்கியின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் இந்தக் காத்திருத்தலில் இருக்கிறது. வாசகரின் அனுதாபத்தைப் பல வாரங்களாகச் சேர்த்து வைத்து, அதைக் கோர்ட்டுக் காட்சியில் ஒரே தவணையில் செலவழித்தார்.

படம் 1939 மே 20-ஆம் தேதி வெளியாயிற்று. காங்கிரஸ் மந்திரிசபை நடந்துகொண்டிருந்த காலம். 1918-ஆம் வருஷத்துச் சினிமாட்டோகிராப் சட்டத்தின்படி போலீஸ் கமிஷனரின் மேற்பார்வையில் நடந்த தணிக்கையின் பிடியும் அப்போது தளர்ந்திருந்தது. கதர், ராட்டினம், டி. கே. பட்டம்மாளின் குரலில் தேச சேவைக்கு அழைக்கும் பாட்டு என்று, முன்னமே வந்திருந்தால் கத்தரிக்கு இரையாகியிருக்கக் கூடியவையெல்லாம் தடையின்றித் திரைக்கு வந்தன. ஹரிஜனங்களுக்குக் கோயில் கதவு அடைபட்டிருக்கும் கொடுமையையும் படம் காட்டியது. அது வெளியாகி ஏழு வாரம் கழித்து, ஜூலை 8-ஆம் தேதி, மதுரை மீனாக்ஷியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் ஹரிஜனங்களை அழைத்துச் சென்றார். படத்தினால் ஆலயப் பிரவேசம் நடந்தது என்று சொல்வது அறியாமை. அந்த இயக்கத்துக்குப் பல வருஷத்து உழைப்பு உண்டு. ஆனால் மதுரைச் செய்தியைப் படித்த ஜனங்களுக்கு, அந்த வாசலின் முன் நிற்பவர் யார், அவருக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கச் சம்பு சாஸ்திரியின் முகம் ஒன்று ஏற்கெனவே கிடைத்திருந்தது. கதையினால் ஆகக்கூடிய காரியம் அவ்வளவே, அது அற்பமானதன்று.

அக்டோபரில் யுத்தத்தை முன்னிட்டு மந்திரிசபைகள் ராஜீனாமாச் செய்தன. கவர்னர் ஆட்சி வந்தது. படத்துக்குத் தடையும் வந்தது. தடையுத்தரவு அமலுக்கு வருமுன், சென்னை கெயிட்டி கொட்டகையில் இலவசமாகவே படத்தைக் காட்டினார்கள் என்பதும், கூட்டம் நெருக்கியடித்து வந்ததும் அக்காலத்தவர் பலர் சொல்லிப் பிரசித்தமானவை. சர்க்கார் பயந்தது கதரையும் காங்கிரஸையும் கண்டு. வைதிகக் குடும்பங்கள் பயந்ததோ கோர்ட்டுக் காட்சியைக் கண்டு. ஒரே படத்தில் இரண்டு தரப்பாரும் இரண்டு வெவ்வேறு ஆபத்துக்களைக் கண்டார்கள். ஒருவருக்கு எரிச்சல் தந்த பாதி மற்றவருக்குக் கண்ணில் படவே இல்லை. கல்கி தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து சிறை சென்று, 1941-இல் தம் பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். சுப்ரமணியத்தின் ஸ்டூடியோ தீ விபத்துக்குப் பின் வாசன் கைக்கு வந்து ஜெமினியாயிற்று.

இந்தப் படத்தின் மேல் எனக்குள்ள குறையையும் சொல்லிவிடவேண்டும். கோர்ட்டில் அவ்வளவு தெளிவாகப் பேசிய சாவித்திரியை, கதை அதற்கு மேல் கொண்டுபோகத் துணியவில்லை. அவள் சொத்தைத் துறந்து தேசப் பணியில் இறங்குகிறாள். ஸ்ரீதரனும் மனம் திருந்தி அதே வழியில் வருகிறான். இருவரும் சிறை செல்கிறார்கள். பாரத மாதாவின் முன் புருஷன் பெண்டாட்டி வழக்குத் தள்ளுபடியாகிவிடுகிறது. மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல், அதைவிடப் பெரிய காரியம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும் இந்த உபாயத்தை அக்காலத்துச் சீர்திருத்த நாவல்கள் பலவற்றில் காணலாம். பத்து வருஷம் கழித்து அண்ணாதுரையின் ‘வேலைக்காரி’ திரைக்கு வந்தபோது கோபத்தின் சுருதி ஏறியிருந்தது. எனினும் கோர்ட்டில் நின்று ஜீவனாம்சம் தருகிறேன் என்று சொல்லும் ஒருத்தி அதிலும் இல்லை.

சட்டம் தன் வேகத்தில் வந்தது. கொடுமை, கைவிடுதல் முதலிய காரணங்களுக்காக ஹிந்து மனைவி பிரிந்து வாழ்ந்து ஜீவனாம்சம் பெறலாம் என்று 1946-இல் ஒரு சட்டம் பிறந்தது. 1955-ஆம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டம் விவாகரத்தை அனுமதித்தது. ஆனால் அதே சட்டம் தன் ஒன்பதாம் பிரிவில், தாம்பத்திய உரிமை மீட்பைக் கணவன், மனைவி இருவருக்கும் பொதுவாக்கி வைத்துக்கொண்டது. அதைக் கொண்டுவந்த இங்கிலாந்தே 1970-இல் தன் நாட்டில் அதை ஒழித்துவிட்டது. 1983-இல், தென்னிந்தியத் திரைநடிகை ஒருவர் மேல் கணவர் தொடுத்த வழக்கில், ஆந்திரப் பிரதேச ஹைகோர்ட்டு அந்தப் பிரிவே அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. மறுவருஷம் வேறொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அந்தக் கருத்தை ஏற்கவில்லை. ஸ்ரீதரன் போட்ட வழக்கை இன்றைக்கும் போடலாம்.