சீனரின் வசந்தமும் கொச்சியின் மழையும்



வெலிங்டன் தீவின் மேற்குக் கரையில் நின்று நோக்கினால், காயலுக்கு அப்பால் மட்டாஞ்சேரியின் பழைய பண்டகசாலைகள் தோன்றும். வடமேற்கே கடல்வாயின் அருகில் சீன வலைகள் எழுவதும் தாழ்வதுமாக இருக்கும். தீவோ வயதில் இளையது. 1920-ஆம் ஆண்டில் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியியல் வல்லுநர் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது, வாரியெடுத்த மண்ணைக் கொட்டி ஆக்கப்பட்ட நிலம் அது. ஆயினும் கொச்சியை நாடி வணிகர் வந்த கதை மிகப் பழையது. அவ்வாறு வந்தோருள் சீனர், தம் நாட்டு வசந்தத்தையும் மாதக் கணக்கிலே உடன் கொண்டு வந்தனர். அந்த வரலாறு, பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்குப் பெரிதும் பொருந்துவதாகும்.

சீனரின் பழைய பஞ்சாங்கம் திங்களையும் ஞாயிற்றையும் ஒருங்கே தழுவியது. மாதத்தை நிலவு வகுக்கும். பருவத்தை ஞாயிறு வகுக்கும். இரண்டும் பிரிந்து போகாதவாறு 19 ஆண்டுகளுக்கு 7 அதிக மாதங்களைச் சேர்ப்பர். ஆகவே முதல் மூன்று மாதங்களும் என்றும் வசந்தத்தை ஒட்டியே நிற்கும். ஞாயிற்றின் ஓராண்டுப் பயணத்தை 24 கூறுகளாக்கி, வசந்தத்திற்கு ஆறினை அளித்தனர். வசந்தத் தொடக்கம், மழைநீர், பூச்சிகளின் விழிப்பு, சம இரவு பகல், தெளிவொளி, தானிய மழை என்பன அவற்றின் பெயர்கள். இவை பிப்ரவரி 4-ஆம் நாளையொட்டித் தொடங்கி மே மாதத் தொடக்கம் வரை நீளும். நாமோ சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்கிறோம். அவர்களது வசந்தம் பிறக்கும் வேளையில் நமக்குத் தை மாதத்து முன்பனி கூட முடிந்திராது. ஒரே ஞாயிறுதான், பெயரிட்ட மண்தான் வேறு.

1405-ஆம் ஆண்டு முதல் 1433 வரை செங் ஹோ என்னும் கடற்படைத் தலைவர் ஏழுமுறை பெருங் கப்பற்கூட்டத்துடன் மேற்கு நோக்கி வந்தார். வடகிழக்குக் காற்று அவரைக் கொண்டுவந்தது. தென்மேற்குக் காற்று திருப்பி அனுப்பியது. ஏழாம் பயணத்தில், 1433-ஆம் ஆண்டு, சீன மூன்றாம் மாதம் 11-ஆம் நாள் கப்பல்கள் கோழிக்கோட்டை அடைந்து, 20-ஆம் நாள் தாயகம் நோக்கிப் புறப்பட்டன. வசந்தத்தின் கடைசி மாதத்தில் சில நாட்கள் அவர்களுக்கு மலையாளக் கரையிலேயே கழிந்தன.

1413-ஆம் ஆண்டுப் பயணம் முதல் மொழிபெயர்ப்பாளராக உடன் வந்த மா ஹுவான், கொச்சியைப் பற்றி விரிவாக எழுதி வைத்தார். மிளகுத் தோட்டங்களையும், 'பணம்' என்ற பொற்காசையும், மணிகளும் முத்துக்களும் வாங்கி வைத்துக்கொண்டு சீனக் கப்பல்களுக்காகக் காத்திருந்த செட்டிகளையும் குறித்தார். 'செட்டி', 'பணம்' என்னும் நம் சொற்கள் சீன எழுத்தில் ஏறிய காட்சி அது.

அவர் எழுதியவற்றுள் சிந்திக்கத்தக்கது மழைக் குறிப்பே. இங்கே பனியும் உறைபனியும் இல்லை, எப்போதும் கோடையின் வெம்மையே என்கிறார். இரண்டாம் மூன்றாம் மாதங்களில் இரவில் ஓரிரு முறை சிறிது மழை பெய்யும். உடனே மக்கள் வீடுகளைச் செப்பனிட்டு உணவைச் சேமிப்பர். ஐந்தாம் ஆறாம் மாதங்களில் இரவு பகலாகக் கொட்டித் தெருக்கள் ஆறாகும். எட்டாம் மாத நடுவில் வானம் தெளிந்தபின், அடுத்த ஆண்டின் இரண்டாம் மூன்றாம் மாதம் வரை மழையே இராது. இவ்வாறு அவர் குறித்துள்ளார்.

மாதத்தின் எண் சீனாவினுடையது. அதனுள் பெய்த மழையோ கொச்சியினுடையது. அவரது ஊரில் இரண்டாம் மாதம் என்றால் குளிர் தளர்ந்து, புழுவும் பூச்சியும் விழித்தெழும் காலம். இங்கே அதே மாதம், கூரையைப் பழுது பார்க்கச் சொல்லும் முன்னெச்சரிக்கை. தம் கணக்கை அவர் கைவிடவில்லை. ஆயினும் தம் நாட்டு வசந்தத்தை இம்மண்ணின்மேல் ஏற்றிப் பார்க்கவுமில்லை.

இதே பண்பு கல்லிலும் காணப்படுகிறது. இலங்கையின் காலி நகரில் 1911-ஆம் ஆண்டில் கிடைத்த செங் ஹோவின் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளில் அமைந்தது. அதன் சீனப் பகுதி இரண்டாம் மாதத் தேதியைத் தாங்கியுள்ளது. அது 1409-ஆம் ஆண்டு பிப்ரவரி 15 ஆகும். சீன மொழி புத்தரைப் போற்ற, தமிழ் தெனவரை நாயினாரைப் போற்றுகிறது.

அதற்கு 128 ஆண்டுகள் முன்னரே தமிழர் இதனைச் சீன மண்ணில் செய்துள்ளனர். சுவான்சௌ துறைமுகத்தில் சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தியைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு, சகாப்தம் 1203, அதாவது கி.பி. 1281-ஆம் ஆண்டு, சித்திரை மாதத்துச் சித்திரை நாளைக் குறிக்கிறது. சீனருக்கு வசந்தம் முதிர்ந்துகொண்டிருந்த அவ்வேளையில், அங்கிருந்த தமிழருக்கு ஆண்டு அப்போதுதான் பிறந்திருந்தது. இறுதியில் சீன எழுத்திலும் ஒரு வரி பொறிக்கப்பட்டுள்ளது. தம் மாதத்தையும் விடவில்லை, அவ்வூர் மொழியையும் ஒதுக்கவில்லை.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நாம் சித்திரை முதல் நாளில் வேப்பம்பூப் பச்சடி செய்கிறோம். ஐப்பசி என்றவுடன் நம் மனம் அடைமழையை எண்ணுகிறது; சாளரத்திற்கு வெளியே வட நாட்டு வானம் தெளிந்து கிடக்கிறது. அங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு ஐப்பசி மழை ஒரு கேள்விச் செய்தியாகவே இருக்கும். அது கண்டு வருந்தி மாதப் பெயர்களை மறக்கவிடுவதும் தகாது. வாழும் ஊரின் பருவத்தைக் காணாது கண்ணை மூடுவதும் தகாது. மாதத்தின் பெயரை நாம் சொல்லிக் கொடுப்போம். அம்மாதத்தில் அவ்வூர் மக்கள் எதை விதைக்கிறார்கள், எதைச் சேமிக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் கேட்டு வந்து நமக்குச் சொல்லட்டும். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் கொச்சிக் கரையில் மா ஹுவான் செய்த வேலையும் அதுவே.